மெனக்கெட வேண்டாத வீட்டுக் கணினிப் பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போட்ட பிறகு அதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அலுவலகம் என்றால் அதற்கென ஓர் ஆள் இருப்பார். வீட்டில் அப்படி யாரும் கிடையாது. பிள்ளைகள் பாடம் பார்ப்பார்கள், அம்மா வங்கிக் கணக்கைத் திறப்பார், அப்பா போட்டோ ஏற்றுவார். திரையின் மூலையில் ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது’ என்று ஒரு சிவப்புக் கட்டம் எட்டிப் பார்த்தால், எல்லோருமே அதை மூடிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருளை மனிதர்கள் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே என் அளவுகோல் எளியது. ஆறு மாதம் நாம் எட்டிப் பார்க்காவிட்டாலும் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். இந்தத் தேர்வில் தேறாததை, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், வீட்டுக் கணினியில் ஏற்றுவதில்லை.

கீழே சொல்வது விண்டோஸ் 11 கணினிக்கானது. ஒரு பிற்பகல் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

படி 1: முதலில் கழியுங்கள்

பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் பாதுகாப்பு மென்பொருள் போதாமல் இல்லை, அளவுக்கு மீறித்தான் கிடக்கிறது. வாங்கும்போதே கூட வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ், எப்போதோ யாரோ சொல்லிப் போட்ட ‘கிளீனர்’, ரிஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒன்று, டிரைவர்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் இன்னொன்று. செட்டிங்ஸ் திறந்து, ஆப்ஸ் பகுதியில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். இவை எல்லாவற்றையும் நீக்குங்கள். சோதனைக்கால ஆன்டிவைரஸ் நீங்கிய பிறகும் அதன் எச்சங்கள் தொல்லை கொடுத்தால், அந்த நிறுவனமே தன் தளத்தில் தனியாக ஒரு நீக்கும் கருவி வைத்திருக்கும். அதை ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளீனர்களின் மேல் எனக்குத் தனி வெறுப்பு உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2017இல் சிகிளீனர் என்ற மிகப் பிரபலமான மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் தாக்குபவர்கள் ஒரு பின்கதவை, அதாவது கணினிக்குள் அவர்கள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழியை வைத்துவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது. தேவையே இல்லாத ஒரு மென்பொருளை வைத்திருந்ததுதான் அந்தக் கணினிகளில் பலவற்றின் ஒரே பலவீனம். தற்காலிகக் கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகமான கணினியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இலவசம் என்பதற்காக வைத்திருக்கும் ஆன்டிவைரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. விஷயம் வெளியே வந்ததும் 2020இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இலவசமாகத் தருபவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

படி 2: ஒரே ஒரு ஆன்டிவைரஸ்

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். நிகழ்நேரத்தில் கண்காணிக்கும் இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கணினி தவழ ஆரம்பிக்கும். அதனால்தான் வேறொரு ஆன்டிவைரஸை நிறுவியதும் விண்டோஸில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. அதை நீக்கினால் டிஃபெண்டர் தானாகவே மறுபடி எழுந்துவிடும்.

என் தேர்வு அந்த டிஃபெண்டர்தான். ஒரு காலத்தில் அதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். 2012இல் விண்டோஸ் 8 உடன் முழு ஆன்டிவைரஸாக உள்ளே வந்தபோது பரிசோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. இப்போது ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சுயேச்சையான ஆய்வகங்களின் பட்டியல்களில் கட்டணம் வாங்கும் மென்பொருள்களோடு சேர்ந்தே நிற்கிறது. இரண்டு ஆய்வகங்களின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘சிறந்த 10 ஆன்டிவைரஸ்’ என்று வரும் பட்டியல்களைவிட அவற்றைப் படிப்பது மேல். அந்தப் பட்டியல்களில் பல, நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் வகை.

டிஃபெண்டருக்குக் குறை இல்லாமல் இல்லை. மேகக் கணிமையை, அதாவது இணையத்தின் மறுமுனையில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் கணினிகளை நிறையச் சார்ந்திருப்பதால், இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது சற்று மந்தமாகும். ஆனால் சந்தா கிடையாது, விளம்பரம் கிடையாது, புதுப்பிப்பு விண்டோஸ் அப்டேட்டோடு வந்துவிடுகிறது. யாரும் பார்த்துக்கொள்ளாத கணினிக்கு இந்த மூன்றும் ஆய்வகம் தரும் அரைப் புள்ளியைவிடப் பெரியவை.

நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. சரிபார்க்க மட்டும் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செட்டிங்ஸில் நிகழ்நேரப் பாதுகாப்பு, மேகவழிப் பாதுகாப்பு, டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். மூன்றாவது முக்கியம்: உள்ளே நுழையும் தீநிரல் (தீங்கு செய்யும் நிரல்) முதலில் செய்யப் பார்ப்பது டிஃபெண்டரை அணைப்பதைத்தான், அதை இது தடுக்கிறது. அடுத்து ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில் நற்பெயர் அடிப்படையிலான பாதுகாப்பைத் திறந்து, வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியில் செயலிகள், டவுன்லோடுகள் என்ற இரண்டு கட்டத்திலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் குப்பையை நிறுத்துவது இதுதான். அதே பகுதியில், நம்பகமில்லாத செயலிகளை ஓட விடாமல் தடுக்கும் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற தலைப்பில் கோப்புறைகளுக்குக் காவல் போடும் ஒரு வசதியும் இருக்கிறது. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; போட்டுப் பார்த்தால், பழைய செயலிகளும் விளையாட்டுகளும் ஆவணக் கோப்புறையில் சேமிக்கப் போகும்போதெல்லாம் தடுத்து நிறுத்தும். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பிரவுசரும் ஆபீஸும் மட்டுமே ஓடும் கணினியில் போடலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்த வேலையை பேக்கப், அதாவது கோப்புகளின் மாற்று நகல், செய்துவிடும், கீழே வருகிறேன்.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவர்களுக்குத் தடையில்லை. பிட்டிஃபெண்டர், ஈசெட் இரண்டும் நீண்டகாலமாக நல்ல பெயர் எடுத்தவை. வாங்கும் முன், முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். கூடவே தரும் விபிஎன், ‘வேகப்படுத்தும் கருவி’ இவற்றுக்காக மேல்தட்டுத் திட்டம் எடுக்க வேண்டியதில்லை. விபிஎன் உங்கள் போக்குவரத்தை வேறொருவர் வழியாகத் திருப்பிவிடுகிறது. நீங்களே டவுன்லோடு செய்து ஓட்டும் தீநிரலை அது தடுக்காது.

மேக் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். அங்கே கேட்கீப்பர், எக்ஸ்ப்ரொடெக்ட் என்ற பாதுகாப்பு வசதிகள் உள்ளேயே இருக்கின்றன. மற்றப் படிகள் பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

படி 3: ஃபயர்வாலைச் சும்மா விடுங்கள்

கணினிக்கும் இணையத்துக்கும் இடையே போய்வருவதைக் காவல் காப்பது ஃபயர்வால். 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே ஆன் ஆகி வருகிறது. வீட்டுக்கு அது போதும். ‘இந்த நிரல் இணையத்துக்குப் போகலாமா?’ என்று நாளுக்கு இருபது தடவை கேட்கும் ஃபயர்வாலை நிறுவினால், மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் படிக்காமலே ‘சரி’ அழுத்துவார்கள். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

படி 4: பிரவுசர், உண்மையான வாசல்

வீட்டுக் கணினிக்கு ஆபத்து பெரும்பாலும் பிரவுசர் வழியாகத்தான் வருகிறது. ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆராயும் பலர் இங்கே ஐந்து நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை.

முதல் வேலை, விளம்பரத் தடுப்பான். இதைச் சொகுசு என்று நினைக்க வேண்டாம். ஏதாவது மென்பொருளின் பெயரைத் தேடினால் மேலே முதலாவதாக வரும் விளம்பரம், அசல் தளம் போலவே இருக்கும் போலித் தளத்துக்கு இட்டுச் செல்வது சகஜம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே இதைப் பற்றி எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. என் பரிந்துரை யூபிளாக் ஆரிஜின். ஃபயர்ஃபாக்ஸில் அதன் முழு வடிவம் வேலை செய்கிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணைச் செயலி) விதிகளை மாற்றியதால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருக்கப் பதிப்புதான். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவும் மோசமில்லை. கிட்டத்தட்ட இதே பெயரில் போலிகள் உலவுகின்றன, பிரவுசரின் அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து, உருவாக்கியவர் பெயர் பார்த்து எடுங்கள்.

இதைத் தவிர மற்ற எக்ஸ்டென்ஷன்களைக் கழித்துக்கட்டுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன்கூடக் கைமாறிக் கெட்டுப்போகும். தி கிரேட் சஸ்பெண்டர் என்பது பலரும் நம்பிப் பயன்படுத்தியது. புதியவர் கைக்குப் போனபின் அதில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது.

இரண்டாவது, நோட்டிஃபிகேஷன். ‘கணினியில் வைரஸ் வந்துவிட்டது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூலையில் எச்சரிக்கை வருகிறது’ என்று உறவுக்காரர்கள் கூப்பிட்டால், போய்ப் பார்க்கும்போது பாதிக்குப் பாதி அங்கே வைரஸே இருக்காது. எப்போதோ ஒரு தளத்தில் ‘தொடர அலவ் அழுத்தவும்’ என்றதை நம்பி அழுத்தியிருப்பார்கள். அந்தத் தளம் விண்டோஸின் எச்சரிக்கை போலவே வேஷம் போட்டு நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் கட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் தெரியும். பிரவுசர் செட்டிங்ஸில், தள அனுமதிகளில், நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அனுமதி பெற்ற பட்டியலைக் காலி செய்யுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு முறை செய்யும் இந்த வேலை, எந்த ஆன்டிவைரஸையும்விட அதிகத் தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ‘இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்று வந்தால் அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது பரவலாக இருக்கும் இன்னொரு தந்திரத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க’ ஒரு பக்கம் மூன்று வேலை சொல்லும்: விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் வி எழுத்தும், பிறகு என்டர். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தது ஒட்டும்வரை தங்கும் இடத்தில், நகலெடுத்து வைத்திருக்கும். அதை நீங்களே ஒட்டி நீங்களே ஓட்டுகிறீர்கள். கடவுச்சொல் திருடும் தீநிரல்கள் இந்த வழியாக நிறைய நுழைகின்றன. உண்மையான சோதனை எதுவும் பிரவுசருக்கு வெளியே எதையும் அழுத்தச் சொல்லாது.

படி 5: டிஎன்எஸ் வடிகட்டி

பத்து நிமிட வேலை, பிறகு மறந்துவிடலாம். நாம் தட்டும் தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். ரவுட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாகக் குவாட்9 சேவையின் 9.9.9.9, இரண்டாவதாக 149.112.112.112 என்று போடுங்கள். தீங்கு விளைவிப்பதாக அறியப்பட்ட தளங்களின் பெயரை அது தேடித் தரவே மறுத்துவிடும். க்ளவுட்ஃபிளேரிலும் இதே வசதிக்கு 1.1.1.2, 1.0.0.2 உண்டு. குழந்தைகள் இருந்தால் 1.1.1.3, 1.0.0.3, அது வயது வந்தோருக்கான தளங்களையும் சேர்த்துத் தடுக்கிறது. ரவுட்டரில் செய்வதால் வீட்டில் வைஃபையில் இருக்கும் போன்களுக்கும் பலன் கிடைக்கும். ஏதாவது ஒரு நல்ல தளம் திறக்காமல் போனால் இந்த மாற்றம் நினைவுக்கு வர வேண்டும், எனவே ரவுட்டரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 6: புதுப்பிப்பு தானாக நடக்கட்டும்

2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் விடுவியுங்கள். வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் பலருடைய கோபம். ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் கணினி பயன்படுத்தும் நேரத்தைக் கொடுத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் மேல் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டைப் பானைதான். விண்டோஸ் 11க்கு மாறுங்கள். கணினி அதற்குத் தகுதி பெறவில்லை என்றால், வெறும் பிரவுசருக்காக வைத்திருக்கும் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவது நல்ல வழி.

மற்ற மென்பொருள்களை முடிந்தவரை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுங்கள், தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். அப்படிப் புதுப்பித்துக்கொள்ளாத, ஒரு வருடமாகத் திறக்காத எதுவும் வெளியே போகட்டும்.

படி 7: கணக்கும் கடவுச்சொல்லும்

நிர்வாகிக் கணக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். அன்றாடம் எல்லோரும் சாதாரணக் கணக்கில் நுழையட்டும். எதையாவது நிறுவ வேண்டும் என்றால் நிர்வாகிப் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு கணத் தயக்கம் போதும், ‘இலவசப் பிடிஎஃப் மாற்றி’ பல அங்கேயே நின்றுவிடும்.

பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்து நிரப்பித் தர பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரை வைத்துக்கொள்ளலாம். அதுவும் பெரிய வேலையாகத் தெரிந்தால் பிரவுசரிலேயே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் போதும். எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற நிலையைவிட எவ்வளவோ மேல். போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது என்பது கூடுதல் லாபம். நிரப்ப மறுத்தால் முகவரியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம் போடுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளை (கோப்பின் வகையைச் சொல்லும் பெயரின் கடைசிப் பகுதி) காட்டும் தேர்வையும் ஆன் செய்யுங்கள். பில் என்று மின்னஞ்சலில் வந்த கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடிவது போலத் தெரிந்து, அதற்குப் பின்னால் அது ஓடக்கூடிய நிரல் என்று காட்டும் இஎக்ஸ்இ ஒளிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

படி 8: பேக்கப்

மேலே சொன்ன அத்தனையும் தோற்றாலும் கைகொடுப்பது இது ஒன்றுதான். ரான்சம்வேர் மட்டுமா, டிஸ்க் கெட்டுப்போனாலும், கணினி திருடுபோனாலும், யாரோ தவறிப்போய்க் கோப்புறையை அழித்தாலும் இதுதான்.

முழுக்கத் தானாக நடப்பது மேகச் சேமிப்பு. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. ஆவணங்களுக்குப் போதும், போட்டோக்களுக்குப் போதாது. ஆன்டிவைரஸுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இங்கே கொடுங்கள் என்பேன். ஆனால் ஒத்திசைவு, அதாவது இரு பக்கமும் ஒன்றுபோல வைப்பது மட்டுமே பேக்கப் ஆகிவிடாது. கணினியில் கோப்பு அழிந்தால் மேகத்திலும் அழியும். பழைய பதிப்புகளையும் அழித்தவற்றையும் சில காலம் திரும்ப எடுக்க முடிகிற சேவையாக இருக்க வேண்டும்.

அதனால் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கும் வேண்டும். கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை அதற்கு ஆன் செய்துவிட்டால், டிஸ்க்கைச் செருகியதும் மாறிய கோப்புகளின் நகல் தானாகச் சேரும். முடிந்ததும் கழற்றி எடுத்து வையுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மெனக்கெடாத பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை டிஸ்க் செருகச் சொல்கிறேனே என்றால், ஆம், இந்த ஒரு வேலையிலிருந்து மட்டும் தப்ப வழியில்லை. போனில் மாதாந்திர நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நகல் முடிந்ததும் ஏதாவது ஒரு போட்டோவை அதிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

படி 9: வேலை செய்கிறதா என்று பாருங்கள்

ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிக்கவே ஐகார் என்ற கோப்பு ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. அதை வைரஸாகவே பாவிப்பது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். இறங்கும்போதே, அல்லது இறங்கிய நொடியே பிடிபட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் படி 2க்குத் திரும்புங்கள்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்துக் கேட்க மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நல்லது. நிறுவியதும் கட்டணப் பதிப்பின் சோதனைக்காலம் தொடங்கினால் அதை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். நிறுவவே வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும், எனவே வேண்டும்போது புதிதாக இறக்கினால் போதும்.

உண்மையிலேயே ஏதோ நுழைந்துவிட்டது என்று தெரிந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே கால் மணி நேரம் போலத் தேடும். அது ஓடும்போதே வேறொரு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிற்காமல், ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். இன்றைய திருட்டு நிரல்கள் பிரவுசரில் சேமிக்கப்பட்ட குக்கீயை, அதாவது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று தளத்துக்குச் சொல்லும் அடையாளத்தை எடுத்துப் போய்விடுகின்றன. அது இருந்தால் பாஸ்வேர்டே கேட்காமல் உங்கள் கணக்குக்குள் நுழையலாம். ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் மனது ஒப்பவில்லை என்றால், நாள் கணக்கில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, செட்டிங்ஸில் ரீசெட் தேர்வில் எல்லாவற்றையும் அழித்து, மேகத்திலிருந்து விண்டோஸைப் புதிதாக இறக்கும்படி சொல்லுங்கள். பிறகு படி 1இல் நீக்கியவற்றை மறுபடி ஏற்றாமல், படி 2இலிருந்து தொடங்கலாம்.